300 டி-ஷர்ட், ஒரு மூட்டை உப்பு

எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு டி-ஷர்ட் ஆர்டர் பண்ணும் வேலை இந்த வருஷம் என் தலையில் விழுந்தது. மொத்தம் 300 பீஸ். என்ன கலர் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போல் போட்டேன். நேவி ப்ளூ அமோகமாக ஜெயித்தது. வெள்ளைக்கு விழுந்தது பதினோரு ஓட்டு. அதில் ஒன்று என்னுடையது.

"கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சுட்டு வெள்ளைக்கு ஓட்டு போடுறியேடா, லேப்ல ஒரு நாள் தாங்குமா?" என்று ரூம்மேட் கலாய்த்தான். அவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. மூணாவது வருஷம் இன்பிளான்ட் ட்ரெய்னிங்குக்கு ஒரு சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போயிருந்தேன். அங்கே பார்த்ததில் இருந்து ஆரம்பித்தால்தான் அந்த ஓட்டுக்கு அர்த்தம் புரியும். இந்தக் கட்டுரை அவனுக்கான பதில். நீங்களும் கூட உட்கார்ந்து படிக்கலாம். (நான் எல்.கே.ஜி.யில் இருந்து இங்கிலீஷ் மீடியம். டெக்னிக்கல் வார்த்தைகளுக்குத் தமிழ் தேடித் தடுமாறினால் மன்னிச்சுக்கோங்க.)

உப்பு என்ற கல்யாணத் தரகர்

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற இன்று அதிகம் பயன்படுவது ரியாக்டிவ் டை என்ற வகை. 1956ல் ஐ.சி.ஐ. நிறுவனம் முதன்முதலாக இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் சிறப்பு என்னவென்றால், சாயம் துணி மேல் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. பருத்தியின் செல்லுலோஸோடு கோவேலன்ட் பாண்ட் போட்டு, துணியின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. அதனால்தான் நல்ல டி-ஷர்ட் ஐம்பது தடவை துவைத்தாலும் வெளுப்பதில்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீரில் நனைந்த பருத்தியின் மேற்பரப்பில் லேசான நெகட்டிவ் சார்ஜ் இருக்கும். சாயத்திலும் சல்ஃபோனேட் குரூப்கள் இருப்பதால் அதுவும் நெகட்டிவ். ஒரே துருவம் உள்ள இரண்டு காந்தங்கள் மாதிரி ரெண்டும் ஒன்றையொன்று தள்ளும். சாயத் தொட்டியில் துணியைப் போட்டால், சாயம் பாட்டுக்குத் தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருக்கும்.

இங்கேதான் உப்பு வருகிறது. சமையல் உப்பான சோடியம் குளோரைடு அல்லது சோடியம் சல்ஃபேட்டை நிறையக் கொட்டுவார்கள். சோடியம் அயனிகள் துணியைச் சூழ்ந்துகொண்டு அந்த நெகட்டிவ் சார்ஜை மறைத்துவிடும். சாயம் துணிக்குப் பக்கத்தில் வரும். பிறகு சோடா ஆஷ் போட்டு பி.எச். அளவை 11 பக்கம் ஏற்றினால், துணியும் சாயமும் வினைபுரிந்து நிரந்தரமாகச் சேர்ந்துவிடும்.

உப்பின் வேலை கல்யாணத் தரகர் வேலை மாதிரி. ரெண்டு பேரையும் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைப்பதோடு சரி, அந்த வீட்டில் குடியிருப்பதில்லை. போட்ட உப்பில் ஒரு கிராம்கூட துணியில் தங்காது. அத்தனையும் கழிவுத் தண்ணீரோடு வெளியே வரும்.

சாயமும் முழுசாகத் தங்குவதில்லை. தொட்டியில் செல்லுலோஸைவிடத் தண்ணீர்தான் அதிகம். கொஞ்சம் சாயம் துணியை விட்டுவிட்டுத் தண்ணீரோடு வினைபுரிந்துவிடும். இதற்கு ஹைட்ராலிசிஸ் என்று பெயர். அப்படி ஆன சாயத்தால் பிறகு துணியில் ஒட்ட முடியாது. சாயத்தையும் ஷேடையும் பொறுத்து, போட்டதில் கால்வாசி அளவுக்குக்கூட இப்படி வீணாகலாம்.

கணக்கு போடலாமா?

நம்ம 300 டி-ஷர்ட்டுக்கே போட்டுப் பார்ப்போம். ஒரு டி-ஷர்ட் 180 கிராம் என்றால் மொத்தம் 54 கிலோ துணி. சாய மெஷினில் ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் 432 லிட்டர். அடர்த்தியான ஷேடுக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். 432 × 60 போட்டால் கிட்டத்தட்ட 26 கிலோ வருகிறது.

ஒரு முழு மூட்டை உப்பு. நம்ம டிபார்ட்மென்ட் ஒருநாள் போட்டுவிட்டு ஹாஸ்டல் கொடியில் காயப்போடும் டி-ஷர்ட்டுக்கு.

இது சாயம் போடும் தொட்டி மட்டும்தான். அதற்கு முன்னால் ப்ளீச்சிங், அதற்குப் பின்னால் அலசல், சோப்பு போட்டு மறுபடி அலசல் எல்லாம் இருக்கிறது. எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 50 லிட்டர் என்றால் 2,700 லிட்டர் தண்ணீர். அதில் 26 கிலோ உப்பு கரைந்திருந்தால் ஒரு லிட்டருக்குச் சுமார் 9,600 மில்லிகிராம். கழிவுநீரை வெளியே விட, கரைந்த உப்புக்கு நம்ம நாட்டில் பொதுவாக வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். நாலரை மடங்கு அதிகம்!

நொய்யலில் நடந்தது

இந்தக் கணக்கை ஒரு ஊர் அளவுக்குப் பெருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வேறு தேசத்துக்குப் போக வேண்டியதில்லை. நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலைப் பக்கம் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகப் போய், கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. பனியன் தொழில் வளர வளர, திருப்பூரில் சாயப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் பெருகின. கழிவு நொய்யலில் இறங்கியது.

திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையம் என்ற இடத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அணை 1992ல் பயன்பாட்டுக்கு வந்தது. கொஞ்ச வருஷத்திலேயே அது சாயக்கழிவு தேங்கும் குளமாக மாறிவிட்டது. தண்ணீர் கேட்டுப் போராடுவதுதான் விவசாயிகளின் வழக்கம். இங்கே அணைத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று சொல்லும் நிலைமைக்கு வந்தார்கள். உப்பு ஏறிய மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. சோடியம் அதிகமானால் களிமண் இறுகிப்போய் தண்ணீர் கீழே இறங்காது. கிணறுகளும் கெட்டன.

வழக்கு நடந்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாத முறைக்கு மாற வேண்டும் என்று 2006ல் சென்னை உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. அது முழுசாக நடக்கவில்லை. 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. சாயம் போட வேண்டிய துணி வேற ஊர்களுக்கு லாரி ஏறியது. வேலை பார்த்தவர்கள் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். தோட்டத்தை இழந்தவருக்கும் வேலையை இழந்தவருக்கும் நடுவில் நின்றது நாம் மேலே பார்த்த அந்த உப்புதான்.

சுத்திகரிப்பு நிலையத்துக்குள்ளே

பல பட்டறைகளின் கழிவை ஒன்றாகச் சேர்த்துச் சுத்தம் செய்யும் பொது நிலையங்கள்தான் திருப்பூர் கண்ட வழி. நான் ட்ரெய்னிங் போனதும் அந்த மாதிரி ஒரு இடத்துக்குத்தான். உள்ளே நடப்பதை நம்ம 2,700 லிட்டரை வைத்தே சொல்கிறேன்.

முதலில் பெரிய தொட்டிகளில் காற்றை ஊதி பாக்டீரியா வளர்க்கிறார்கள். அழுக்கில் பெரும் பகுதியையும் நிறத்தில் கொஞ்சத்தையும் அவை பார்த்துக்கொள்ளும். ஆனால் உப்பை அவை தொடாது. பாக்டீரியா தொட்டிக்குள் 26 கிலோ போனால் 26 கிலோவும் வெளியே வரும்.

அடுத்து வடிகட்டல், அதற்குப் பிறகு ஆர்.ஓ. நம்ம வீட்டு வாட்டர் ப்யூரிஃபையர்தான், ஆனால் ஹால் நீளத்துக்கு. இதில் 85 சதவீதம் நல்ல தண்ணீராகக் கிடைத்தால் சுமார் 2,300 லிட்டர் திரும்பப் பட்டறைக்கே போகிறது. ஆயிரம் லிட்டருக்கு 3 யூனிட் கரண்ட் என்று வைத்தாலும், மொத்தம் 8 யூனிட்டில் முடிகிற வேலை. இதுவரைக்கும் சூப்பர்.

மீதி 405 லிட்டர்தான் தலைவலி. 26 கிலோ உப்பும் அதில்தான் இருக்கிறது. இதை என்ன செய்வது? ஆற்றில் விட முடியாது. சூடாக்கி ஆவியாக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும், அதாவது 0.63 யூனிட். 405 லிட்டருக்கு 255 யூனிட் வெப்பம்.  ஒரு கலத்தில் வந்த ஆவியை வைத்து அடுத்த கலத்தைச் சூடாக்கும் மல்டிபிள் எஃபெக்ட் முறையில் நாலு கலம் வைத்தால் இதைக் கிட்டத்தட்ட கால்வாசி ஆக்கலாம். அப்போதும் ஆர்.ஓ.வுக்கு ஆன செலவைவிட எட்டு மடங்கு. அந்த நீராவிக்கு பாய்லரில் விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும்.

ஆற்றைக் காப்பாற்ற புகைபோக்கியில் விலை கொடுக்கிறோம். "ஒரு சொட்டும் வெளியே போகவில்லை" என்ற போர்டைப் பார்த்து உடனே கை தட்டாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். கழிவு தண்ணீரில் இருந்து காற்றுக்கு இடம் மாறியதா, இல்லை உண்மையிலேயே குறைந்ததா என்று கேட்க வேண்டும்.

கலந்தால் கழிவு, பிரிந்தால் சரக்கு

இப்போது அந்த 405 லிட்டரை இன்னொரு தடவை பாருங்க. 405 லிட்டரில் 26 கிலோ என்றால் லிட்டருக்கு 64 கிராம் உப்பு. சாயத் தொட்டிக்கு முதலில் நாம் போட்டது எவ்வளவு? லிட்டருக்கு 60 கிராம்!

கழிவு என்று நாம் எரிபொருள் செலவழித்து ஆவியாக்கப் பார்ப்பது, அடுத்த பேட்ச் சாயம் போடத் தேவையான அதே உப்புத் தண்ணீர். இதைக் காய்ச்சி, உப்பாக்கி, மூட்டை கட்டி, மறுபடி தண்ணீரில் கரைப்பது எதற்கு? அதில் மிச்சமிருக்கும் நிறத்தையும், கால்சியம் மக்னீசியத்தையும் எடுத்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பினால் என்ன? திருப்பூரில் சில நிலையங்கள் இதைத்தான் செய்கின்றன. சுழற்சிப் பொருளாதாரம் என்று எல்லாரும் பேசுகிறார்களே, அதில் என் மனசுக்குப் பிடித்த உதாரணம் இது. வட்டம் எவ்வளவு சின்னதோ, செலவும் அவ்வளவு குறைவு.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உப்பு ஒரே உப்பாக இருக்க வேண்டும். பட்டறை பயன்படுத்துவது சோடியம் சல்ஃபேட் என்று வையுங்க. காரத்தை நியூட்ரலைஸ் பண்ண யாரோ ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றினால் அதில் குளோரைடு சேர்ந்துவிடும். தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னரை ரீஜெனரேட் பண்ண சமையல் உப்பு போட்டால் இன்னும் கொஞ்சம் குளோரைடு. போர் தண்ணீரோடு வருவது தனி. கடைசியில் கிடைப்பது ரெண்டுங்கெட்டான் கலப்பு உப்பு. வாங்க ஆள் இல்லை. கரையக்கூடியது என்பதால் மண்ணில் புதைக்கவும் முடியாது. நான் போன இடத்தில் ஒரு பெரிய ஷெட் நிறைய மூட்டை அடுக்கியிருந்தது. "இது எங்கே போகும்ங்கண்ணா?" என்று ஆபரேட்டரிடம் கேட்டேன். "எங்கயும் போகாதுங்க தம்பி, அதனாலதான் இங்க இருக்குது" என்றார்.

சல்ஃபேட்டைத் தனியாகப் பிரிக்க ஒரு அழகான வழி இருக்கிறது. சோடியம் சல்ஃபேட் 32 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் 100 கிராம் தண்ணீரில் கிட்டத்தட்ட 50 கிராம் கரையும். 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் 9 கிராம்தான் கரையும். மீதி எல்லாம் க்ளாபர் உப்பு என்ற பளபளப்பான படிகமாக அடியில் விழுந்துவிடும். சோடியம் குளோரைடு குளிருக்கு அசையவே அசையாது, அது தண்ணீரிலேயே நிற்கும். பிசிக்கல் கெமிஸ்ட்ரியில் சாலுபிலிட்டி கர்வ் வரையச் சொன்னபோது "இது எதுக்கு உதவும்" என்று நான்தான் கேட்டேன். இதுக்கு உதவும்.

அதற்காக வட்டம் முழு வட்டம் ஆகிவிடாது. கெமிக்கல் பசங்களுக்கு மெட்டீரியல் பேலன்ஸ் பேப்பரில் வரும் ரீசைக்கிள்-பர்ஜ் கணக்கு ஞாபகம் இருக்கும். சுற்றிச் சுற்றி அனுப்பும் எந்தச் சுழற்சியிலும் அழுக்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும். அதனால் ஒரு பங்கை வெளியே எடுத்தே ஆக வேண்டும். நூறு சதவீதம் சுழற்சி என்று யாராவது பிரசன்டேஷன் கொடுத்தால் பர்ஜ் எங்கே என்று எழுந்து கேளுங்க. அந்தப் பர்ஜைச் சின்னதாக்குவதுதான் இன்ஜினியரின் வேலை.

"மூக்கை நம்பிடாதீங்க தம்பி"

பாக்டீரியா உப்பைத் தொடாது என்று மேலே சொன்னேன். அது பாதி உண்மைதான். காற்று ஊதும் தொட்டியில் தொடாது. ஆனால் காற்றே இல்லாமல் கழிவு தேங்கி நிற்கும் தொட்டியில் வேறு வகை பாக்டீரியா வேலையை ஆரம்பிக்கும். நாம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிற மாதிரி அவை சல்ஃபேட்டை எடுத்துக்கொண்டு சல்ஃபைடை வெளியே விடும். அதில் இருந்து வருவதுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. குளோரைடுக்குப் பதில் சல்ஃபேட்டைத் தேர்ந்தெடுத்தால் உப்பைப் பிரிப்பது சுலபம். அதே தேர்வு, தேங்கும் தொட்டிக்குள் ஒரு ஆபத்தையும் கொண்டுவந்து வைக்கிறது.

ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் என்று ப்ளஸ் டூவிலேயே படித்தோம். படிக்காதது ஒன்று இருக்கிறது. 100 பி.பி.எம். அளவை நெருங்கும்போது இந்த வாயு மூக்கின் மோப்ப சக்தியையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுபோகும். "வாடை போயிடுச்சு, இறங்கலாம்" என்று ஒருவர் நினைக்கும் நேரமும், வாயு கொல்லும் அளவுக்கு ஏறியிருக்கும் நேரமும் ஒன்றாகவே இருக்கலாம். 500 பி.பி.எம்.க்கு மேல் போனால் சில நிமிஷத்தில் ஆள் சரிந்துவிடுவார். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் தொட்டியின் அடியிலேயே தங்கும். மேலே நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார்.

எங்களைச் சுற்றிக் காட்டிய ஆபரேட்டர் அண்ணனுக்கு ஐம்பது வயசு இருக்கும். ஒரு சேகரிப்புத் தொட்டியின் மூடியைக் காட்டி, "மூக்கை நம்பிடாதீங்க தம்பி. மீட்டரை மட்டும் நம்புங்க" என்றார். ரொம்ப நாளைக்கு முன்னால் வேற ஒரு இடத்தில் தன்னோடு வேலை பார்த்தவர் இப்படி ஒரு தொட்டியில் இறங்கினார் என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இறங்கும் முன் கேஸ் டிடெக்டர், ப்ளோயர், பெல்ட், மேலே நின்று கயிறு பிடிக்க ஒரு ஆள், பெர்மிட் என்று விதிகள் எல்லாம் உண்டு. கட்டாயம் வேண்டும். ஆனால் ஆபரேட்டர் அண்ணன் சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தோன்றிய கேள்வி வேறு: ஒரு மனுஷன் அதற்குள் ஏன் இறங்க வேண்டும்? தொட்டியின் அடியைச் சரிவாக வைத்து, சேறு தானாக ஒரு பக்கம் வந்து சேர, வெளியில் இருந்தே பம்ப் எடுக்கும்படி வரைந்திருந்தால்? தேங்க விடாமல் கலக்கிக்கொண்டே இருக்க மிக்ஸர் வைத்திருந்தால்? தொட்டியை வரையும் அன்றைக்கே எடுத்திருக்க வேண்டிய முடிவு அது.

போபால் சொல்வதும் அதுவே

1984 டிசம்பர் 2 நள்ளிரவு போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் யாரும் கடையில் வாங்கும் பொருள் இல்லை. கார்பரில் என்ற பூச்சிக்கொல்லியைத் தயாரிக்கும் வழியில் நடுவில் உருவாகும் பொருள். அதைச் சுமார் 40 டன் ஒரே டேங்கில் வைத்திருந்தார்கள். அந்த டேங்குக்குள் தண்ணீர் போனது, சூடு ஏறியது. ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். காப்பாற்ற வேண்டிய ஸ்க்ரப்பர், ஃப்ளேர், குளிரூட்டி எதுவும் அன்று கைகொடுக்கவில்லை என்பதைத்தான் நாம் பாடத்தில் படிக்கிறோம்.

ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, நடுவில் உருவாகும் ஒரு விஷத்தை அவ்வளவு டன் சேர்த்து வைக்கத் தேவை என்ன? உருவாகும்போதே அடுத்த வினைக்கு அனுப்பிவிடலாம். அது உருவாகவே தேவையில்லாத வேறு வினை வழியும் உண்டு. ட்ரெவர் க்ளெட்ஸ் என்ற பிரிட்டிஷ் கெமிக்கல் இன்ஜினியர் போபாலுக்குப் பல வருஷம் முன்பே இதைத்தான் வலியுறுத்தினார்: ஆபத்தான பொருளைக் கட்டுப்படுத்த கருவி மேல் கருவி வைப்பதற்கு முன், அது அவ்வளவு தேவையா என்று பார். அந்த ஆலையில் கிடந்த கழிவில் 337 டன்னை பீதம்பூருக்கு எரிக்க எடுத்துச் சென்றது 2025 ஜனவரியில். நாற்பது வருஷம் கழித்து!

போபாலும் சாயத் தொட்டியும் அளவில் ஒப்பிடக்கூடியவை இல்லை. கேள்வி மட்டும் ஒன்று. கழிவோ விபத்தோ, அது பைப்பின் கடைசியில் நமக்குத் தெரிகிறது. ஆனால் ரெசிபியின் முதல் வரியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

ரெசிபியை மாற்றினால்?

சாயத்தில் முதல் வரியை மாற்ற என்னென்ன வழி இருக்கிறது?

ஒன்று, தண்ணீரைக் குறைப்பது. கிலோவுக்கு 8 லிட்டருக்குப் பதில் 5 லிட்டரில் ஓடும் மெஷின் என்றால், உப்பு 26 கிலோவில் இருந்து 16 கிலோவாக இறங்கும். வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

இரண்டு, கோல்ட் பேட் பேட்ச். சாயத்தையும் காரத்தையும் சேர்த்துத் துணியில் உருளை வைத்துப் பிழிந்து ஏற்றி, சுருட்டி, அறை வெப்பத்திலேயே சுமார் 12 மணி நேரமோ அதற்கு மேலோ சுழல விடுவார்கள். உப்பே தேவையில்லை. ஆனால் பனியன் துணி இழுத்தால் நீளும், ஓரம் சுருளும். அதனால் நெய்த துணி அளவுக்கு இதில் சுலபம் இல்லை.

மூன்று, பருத்தியின் சார்ஜையே பாசிட்டிவாக மாற்றுவது. அப்போது சாயம் தானாக ஓடி வரும், தரகர் தேவையில்லை. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அதற்கு வழக்கமாகப் பயன்படும் ரசாயனம் காரத்தில் எபாக்சைடாக மாறும். அது நச்சுத்தன்மை உள்ளது, கையாளுவதில் ரொம்பக் கவனம் வேண்டும். ஆற்றில் போகும் உப்பைக் குறைத்துவிட்டு ஷிஃப்டில் நிற்கும் ஆளுக்கு ஆபத்தைக் கூட்டினால் அது தீர்வாகாது.

நான்கு, தண்ணீரே இல்லாத சாயம். கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரிக்கு மேல், 74 பார் அழுத்தத்துக்கு மேல் கொண்டுபோனால் அது திரவமும் இல்லாமல் வாயுவும் இல்லாமல் சூப்பர்கிரிட்டிக்கல் நிலைக்கு வரும். அதில் சாயம் கரையும். வேலை முடிந்ததும் அழுத்தத்தை இறக்கினால் வாயுவாகப் பிரிந்து மறுபடி பயன்படும். பாலியெஸ்டருக்கு இது நடைமுறையில் இருக்கிறது. பருத்திக்கு இன்னும் அப்படி அமையவில்லை. அந்த அழுத்தத்துக்கு மெஷின் விலையும் அதிகம்.

எதுவுமே மந்திரம் இல்லை என்பதைக் கவனிச்சிருப்பீங்க. ஒவ்வொன்றையும் மூன்று கேள்வியோடு பார்க்க வேண்டும்: எரிபொருளும் தண்ணீரும் குறைகிறதா? பொருள் திரும்பி வருகிறதா? பக்கத்தில் நிற்கும் மனுஷன் பத்திரமா? ஒன்றுக்கு மட்டும் ஆமாம் என்று பதில் வந்து மற்ற ரெண்டையும் கேட்காமல் விட்டால், பிரச்சினையை வேற இடத்துக்கு ட்ரான்ஸ்ஃபர் பண்ணுகிறோம், அவ்வளவுதான்.

"நான் கெமிக்கல் இல்லையே" என்பவர்களுக்கு

தொட்டியின் அடிச் சரிவை வரையப்போவது சிவில். ஆவியாக்கும் கலத்தின் வெப்பத்தை மிச்சம் பிடிக்கப்போவது மெக்கானிக்கல். அந்த ஆபரேட்டர் அண்ணன் நம்பும் மீட்டரைச் செய்யப்போவது இன்ஸ்ட்ருமென்டேஷன், ஈ.சி.ஈ. எந்தப் பட்டறையில் இருந்து எந்த உப்பு எவ்வளவு வருகிறது என்று நேரத்துக்கு நேரம் தெரிந்தால்தான் கலக்காமல் பிரிக்க முடியும். அதற்கு சி.எஸ்.ஈ. வேண்டும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு எட்டாவது தடவையாக ஸ்மார்ட் டஸ்ட்பின் செய்யப்போகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

ப்ளேஸ்மென்ட் முடிந்து உங்களில் சிலர் ஆலைக்குப் போவீங்க. முதல் வருஷத்தில் யாரும் உங்களிடம் ரெசிபியை மாற்றச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். ஆனால் எந்த ஆசிட் வாங்குவது, எத்தனை டிரம் ஸ்டாக் வைப்பது, தொட்டியை எப்போது கழுவுவது மாதிரியான சின்ன முடிவுகள் உங்க டேபிளுக்கு வரும். அவையெல்லாம் அப்போது சின்னதாகத்தான் தெரியும்.

கடைசியாக டி-ஷர்ட் விஷயம். நேவி ப்ளூவே ஆர்டர் போயாச்சு, ஜனநாயகம்! ஆனால் வெளிர் நிறத்துக்கு உப்பு இதில் பாதிகூட ஆகாது, வெள்ளைக்கு அந்தச் சாயத் தொட்டியே தேவையில்லை. அடுத்த வருஷம் இந்த வேலை தலையில் விழப்போகும் ஜூனியருக்கு ஒரு வேண்டுகோள்: போல் போடும்போது கலருக்குப் பக்கத்தில் எத்தனை கிலோ உப்பு என்றும் எழுதிப் போடு. அப்போதும் நேவி ப்ளூ ஜெயித்தால், தாராளமாக ஆர்டர் பண்ணு. ஆனால் சிம்போசியம் முடிந்த மறுநாள் அதைத் தரை துடைக்கப் போடாதே. குறைந்தது மூணு வருஷம் போடு.